மூன்று பூச்சு, ஒரு மூட்டம்

தென்காசிக்காரர் ஒருவர், கறுப்பு நிறக் கார், ஜூன் மாதக் கடைசி என்று வைத்துக்கொள்வோம். குற்றாலத்தில் சீசன் களைகட்டிவிட்டது. ஊரிலிருந்து விருந்தாளிகள் வந்திருக்கிறார்கள். சனிக்கிழமை இரவு அவர் காரைக் கழுவித் துடைத்து, ‘சீலன்ட்’ என்று எழுதிய குப்பியைத் திறந்து ஒரு பூச்சுப் பூசுகிறார். அரை மணி நேரம் கழித்து அதன்மேல் டப்பா மெழுகு. விடிகாலையில் எழுந்தவர், இதுவும் இருக்கட்டுமே என்று ஸ்பிரேயாக வரும் இன்னொரு மெழுகையும் அடித்துத் துடைக்கிறார். ஷெட்டின் டியூப்லைட் வெளிச்சத்தில் முகம் பார்க்கலாம் போல இருக்கிறது. எல்லாரையும் ஏற்றிக்கொண்டு ஐந்தருவிக்குப் போய்க் குளித்துவிட்டு, மதியம் வீடு திரும்பியதும் மோட்டாரைப் போட்டு ஹோஸால் சேற்றை அடித்துவிட்டு, காரை அப்படியே வாசலில் நிறுத்துகிறார்.

மறுநாள் பதினோரு மணி வெயிலில் பார்த்தால் பானெட் முழுக்க வெள்ளையாக ஒரு மூட்டம். துணியால் அழுத்தித் துடைத்தால் போகிறது. சற்று நேரத்தில் மறுபடி வந்து உட்கார்ந்துகொள்கிறது. இடையிடையே வட்டவட்டமாகப் புள்ளிகள் வேறு. அவை துடைத்தாலும் போகவில்லை.

பக்கத்து வீட்டிலிருந்து மூன்று தீர்ப்புகள் வரும். சரக்கு டூப்ளிகேட். அருவித் தண்ணீரில் மூலிகை கலந்திருக்கிறது, அது பெயின்ட்டுக்கு ஆகாது. இன்னொரு கோட் போட்டால் சரியாகிவிடும். முதல் இரண்டும் பெரும்பாலும் தவறு. மூன்றாவது நிச்சயமாகத் தவறு. ஒரு பூச்சு ஒரு பங்கு பளபளப்பைத் தருமானால் மூன்று பூச்சு மூன்று பங்கு தர வேண்டியதுதானே? ஏன் இருந்ததும் போகிறது?

பளபளப்பு எங்கே இருக்கிறது

ஒரு பரப்பின்மேல் விழும் ஒளி வந்த கோணத்திலேயே ஒழுங்காகத் திரும்பினால் அந்தப் பரப்பு பளபளக்கிறது. மரத்தின் நிழல், வானத்து மேகம், எதிரே நிற்பவரின் சட்டைக் கட்டம் எல்லாம் அதில் தெரிகின்றன. அதே ஒளி நாலா பக்கமும் தெறித்துப் போனால் பிம்பத்தின் மேல் வெள்ளைத்திரை விழுந்தது போலாகிறது. இந்தத் தெறிப்புக்கு ஒளிச்சிதறல் என்று பெயர். காரில் நாம் மூட்டம் என்பது இதைத்தான்.

ஒளியைச் சிதறவைக்கப் பெரிய கரடுமுரடு எதுவும் தேவையில்லை. நம் கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளம் 0.4 முதல் 0.7 மைக்ரான் வரை. ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பிரித்தால் ஒரு பங்கு ஒரு மைக்ரான். தலைமுடி ஒன்றின் தடிமன் சுமார் 70 மைக்ரான். அரை மைக்ரான் அளவுள்ள மேடு, பள்ளம், துளி, துகள் எதுவாக இருந்தாலும் ஒளியைத் திசை மாற்றிவிடும். விரலுக்கு வழுவழுப்பாகத் தெரிகிற பரப்பு ஒளிக்குக் கரடாக இருக்கலாம்.

இந்தத் தொல்லை கறுப்புக் காருக்கே அதிகம். நேராக விழும் ஒளியில் பெயின்ட்டின் மேற்பரப்பு திருப்பி அனுப்புவது நூற்றுக்குச் சுமார் நான்கு பங்குதான். கறுப்புக் காரில் மிச்சமெல்லாம் உள்ளே போய் மறைந்துவிடுகிறது. நாம் பார்ப்பது அந்த நான்கை மட்டுமே. அதனுடன் ஒரு பங்கு சிதறல் சேர்ந்தால் பார்வைக்கு வரும் வெளிச்சத்தில் ஐந்தில் ஒன்று கலங்கல். வெள்ளைக் காரிலோ அடியிலிருக்கும் வெள்ளை நிறமே எண்பது பங்கு அளவுக்கு ஒளியைச் சிதறடித்து அனுப்புகிறது. அந்தக் கூட்டத்தில் கூடுதலாக ஒரு பங்கை யார் கண்டுபிடிப்பது? வெள்ளைக் கார் வைத்திருப்பவரும் இதே தவறுகளைச் செய்கிறார், நிம்மதியாகத் தூங்குகிறார்.

சாம்பல் பூசணியின் சாம்பல்

ஆயுத பூஜையன்று காருக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, திருஷ்டி சுற்றி, முன்னால் ஒரு பூசணிக்காயைப் போட்டு உடைக்கிறோம். அந்தச் சாம்பல் பூசணியின் மேல் திருநீறு பூசியது போல இருப்பது மெழுகு. காய் முற்ற முற்றத் தன் தோலின்மேல் தானே சுரந்து போட்டுக்கொண்டது. உள்ளே இருக்கும் நீர் வற்றாமல் காக்கும் கவசம். கட்டைவிரலால் ஓரிடத்தில் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். கொஞ்சம் விரலில் ஒட்டிக்கொள்ளும், கொஞ்சம் நசுங்கித் தோலோடு படியும். வெண்மை போய் அந்த இடம் மட்டும் பச்சையாக மினுங்கும்.

காரில் பூசும் மெழுகின் பூர்வீகமும் ஏறக்குறைய இதுதான். கார் மெழுகுகளில் பேர்பெற்ற கர்னோபா, பிரேசிலின் வடகிழக்கில் வளரும் ஒரு பனையினத்தின் ஓலையிலிருந்து வருகிறது. ஓலையை வெட்டிக் காயவைத்து அடித்தால் மெழுகு பொடியாக உதிர்கிறது. உருக 82 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். இயற்கை மெழுகுகளில் மிகக் கடினமானது. அப்படியே தேய்த்தால் காரில் பரவாது என்பதால் கரைப்பானும் எண்ணெயும் வேறு மெழுகுகளும் கலந்து மெதுவாக்கி டப்பாவில் அடைக்கிறார்கள். கரைப்பான் என்பது பெயின்ட்டர்கள் தின்னர் என்று சொல்லும் சாமான்தான், அதில் மெதுவாக ஆவியாகும் வகை.

ஓலையின்மேல் பொடியாக நிற்கும்போது வெளிறலாகவும், காரின்மேல் தட்டையாகப் படியும்போது கண்ணுக்கே தெரியாமலும் இருப்பது ஒரே மெழுகு. மைக்ரான் அளவுக் குச்சிகளாகவும் செதில்களாகவும் நிற்கும்வரை அது ஒளியைச் சிதறடிக்கும். படலமாகிவிட்டால் ஒளிக்கு வழிவிடும். ஆகவே மூட்டத்தைத் துப்பறிய வருபவர் குப்பியின் விலையையும் நாட்டையும் விசாரிப்பதை விட்டுவிட்டு இரண்டு கேள்விகளைக் கேட்க வேண்டும். ஒளியைச் சிதறவைக்கும் அந்தத் துணுக்கு என்ன பொருள்? அது படலத்தின் மேலே இருக்கிறதா, உள்ளே இருக்கிறதா, அடியில் இருக்கிறதா?

பத்து மில்லி எங்கே போகிறது

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்ப்போம். நடுத்தரக் கார் ஒன்றின் வெளிப்புறப் பெயின்ட் பரப்பு தோராயமாகப் பத்துச் சதுர மீட்டர். நம்மவர் அதன்மேல் பத்து மில்லி சீலன்ட் பூசினார். பத்து மில்லியைப் பத்துச் சதுர மீட்டரில் ஒரே சீராகப் பரப்பினால் தடிமன் ஒரு மைக்ரான் வரும். அதில் ஐந்தில் நான்கு பங்கு ஆவியாகிப் போகும் கரைப்பான் என்று கொண்டால், மிஞ்சும் படலம் 0.2 மைக்ரான். அதிலும் பெரும்பகுதியைத் துணி துடைத்து எடுத்துக்கொள்கிறது. கடைசியில் காரில் தங்குவது ஒளியின் அலைநீளத்தில் பாதிகூட இல்லாத ஒரு படலம்.

ஒப்பிட, காரின் பெயின்ட்டைப் பாருங்கள். தகட்டின்மேல் துருத்தடுப்புப் பூச்சு, பிரைமர், நிறம், எல்லாவற்றுக்கும் மேலே நிறமற்ற கிளியர் கோட் எல்லாம் சேர்ந்து நூற்றுச் சொச்சம் மைக்ரான். கிளியர் கோட் மட்டும் நாற்பதைச் சுற்றி இருக்கும். இதற்குமேல் 0.1, 0.2 என்று போடும் பூச்சுகள் எந்த ஆழத்தையும் கூட்டுவதில்லை. பளபளப்பைத் தருவது கிளியர் கோட்டின் சமதளம். மெழுகும் சீலன்ட்டும் அதன் நுண்ணிய குழிகளை நிரவி, நீர் ஒட்டாமல் பார்த்துக்கொள்கின்றன. அவ்வளவே அவற்றின் வேலை.

இதிலிருந்து ஒன்று புரிகிறது. பெயின்ட்டைப் பற்றிக்கொள்ளும் முதல் மெல்லிய படலத்துக்குத்தான் அங்கே இடம் உண்டு. அதற்குமேல் போடுவதற்குப் பிடிமானம் இல்லை. துடைத்தால் துணிக்கு வரும், துடைக்காவிட்டால் தேங்கி நிற்கும். தேங்கிய இடத்தில் படலம் ஒளியின் அலைநீளத்தை எட்டிவிட்டால், சாலையில் சிந்திய டீசல் போல வானவில் கோடுகள் தெரியும். கறுப்பு பானெட்டில் ஊதாவும் பச்சையுமாக ஒரு தீற்றல் கண்டால் அது சீலன்ட் அதிகமான இடம் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடலாம்.

சர்வீஸ் சென்டர்களில் ‘டெஃப்லான் கோட்டிங்’ என்று ஒன்று சொல்வார்கள். தோசைக்கல்லில் இருக்கும் அந்தப் பொருள் உருகவே 327 டிகிரி வேண்டும். அந்தச் சூட்டில் காரின் பெயின்ட் கருகிப்போயிருக்கும். பூசுகிற திரவத்தில் அதன் தூள் இருக்கலாம். தோசைக்கல்லின் படலம் காரில் உருவாகாது.

யார் முதலில், யார் பிறகு

சீலன்ட் என்ற பெயரில் விற்பவை பெரும்பாலும் சிலிக்கோன் சார்ந்த செயற்கைப் பொருட்கள். பூசியதும் வேலை முடிந்துவிடுவதில்லை. அதன் மூலக்கூறுகள் பெயின்ட்டைப் பற்றிக்கொண்டு, ஒன்றோடொன்று கைகோத்து வலைபோல இறுக வேண்டும். இதை இறுகுதல் என்போம். சில மணி நேரத்திலிருந்து ஒரு நாள் வரை ஆகும். குப்பியின் பின்பக்கம் பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள். மெழுகுக்கு இந்தக் கைகோக்கும் குணம் கிடையாது. கரைப்பான் போனதும் படிந்துவிடும். கரைப்பான் மறுபடி வந்தால் மறுபடி கரையும்.

ஆகவே மெழுகின்மேல் மெழுகு போட்டால் புதியதன் கரைப்பான் பழையதைக் கரைத்து இரண்டையும் ஒன்றாகக் குழப்பிவிடுகிறது. இரண்டு பூச்சு என்பது மனக்கணக்கில் மட்டும். மெழுகின்மேல் சீலன்ட் போட்டால் அது பெயின்ட்டை எட்டவே முடிவதில்லை. சீலன்ட்டின்மேல் மெழுகு சரி, ஆனால் சீலன்ட் இறுகிய பிறகு. நம்மவர் வரிசையைச் சரியாகத்தான் பிடித்தார், அரை மணி நேரத்தில் மூடி போட்டுவிட்டார். கீழே இன்னும் வெளியேறாத கரைப்பானும் எண்ணெயும் சிறைப்பட்டுவிட்டன. மறுநாள் வெயிலில் தகடு சுட்டதும் அவை மெழுகுக்குள் புகுந்து மேலே வருகின்றன. துடைத்தால் போய், சூடேறினால் மறுபடி வரும் மூட்டத்துக்கு இதுவே முதல் சந்தேகக் காரணம். மெழுகு ‘வியர்க்கிறது’ என்று சொன்னால் பொருத்தமாக இருக்கும்.

காற்றில் இடமில்லாதபோது

இனி தென்காசிக்கே உரிய சங்கதிக்கு வருவோம். மேற்குத் தொடர்ச்சி மலை இங்கே செங்கோட்டைக்கு மேற்கே ஆரியங்காவில் ஒரு கணவாய் விட்டிருக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று கேரளத்தில் மழையைக் கொட்டிவிட்டு மிச்ச ஈரத்தோடு அந்த வழியே நுழைகிறது. குற்றாலத்துச் சாரலும் தென்காசியின் இதமான காற்றும் இந்தக் கணவாயின் கொடை. கிழக்கே பாவூர்சத்திரம், ஆலங்குளம் என்று போகப் போகக் காற்று மட்டும் மிஞ்சுகிறது, ஈரம் குறைந்துவிடுகிறது. ஒரே நாளில், ஒரே சாலையில், இரண்டு பருவங்கள்.

சாரல் விழும் ஒரு காலையில் குற்றாலத்தில் வெப்பம் 26 டிகிரி, ஈரப்பதம் 90 சதவீதம் என்று கொள்வோம். அந்த வெப்பத்தில் ஒரு கன மீட்டர் காற்று அதிகபட்சம் சுமார் 24.4 கிராம் நீராவியைத் தாங்கும். ஏற்கெனவே 22 கிராம் இருக்கிறது. இன்னும் இரண்டரை கிராமுக்குத்தான் இடம். ஆலங்குளம் பக்கம் பிற்பகலில் 34 டிகிரி, 50 சதவீதம் என்றால், அந்தக் காற்று 37.6 கிராம் தாங்கும், இருப்பது அதில் பாதி. பத்தொன்பது கிராமுக்கு இடம் காலி. ஈரத்துணி குற்றாலத்தில் நாள் முழுக்க நசநசவென்று கிடப்பதன் காரணம் இதுதான்: நீர் போய்ச் சேரக் காற்றில் இடமில்லை. இரண்டு ஊருக்கும் இடையே எட்டு மடங்கு வித்தியாசம்.

ஸ்பிரேயாக வரும் மெழுகுகள் பலவும் தண்ணீரில் நுண்துளிகளாகக் கலக்கப்பட்டவை. தண்ணீர் போனால்தான் துளிகள் சேர்ந்து படலமாகும். போகாவிட்டால் துளி துளியாகவே, நடுவில் ஈரத்தைச் சுமந்துகொண்டு நிற்கும். பூசணித் தோலில் கண்ட கதையே இங்கும். அங்கே குச்சிகள், இங்கே துளிகள். நம்மவரின் விடிகாலைப் பூச்சு இப்படித்தான் கெட்டது.

மரச்சாமானுக்கும் வண்டிக்கும் ஸ்பிரே அடிக்கும் பெயின்ட்டர்களுக்கு மழைக்கால மூட்டம் நெடுநாள் பழக்கம். 1920களில் டூபான்ட் நிறுவனம் கார்களுக்கென்று டூகோ என்ற பெயரில் விரைவில் காயும் நைட்ரோசெல்லுலோஸ் பெயின்ட்டை விற்கத் தொடங்கியது. நம் பட்டறைகளில் இன்றும் ஸ்பிரே வேலையை டூகோ என்பவர்கள் உண்டு. அந்தப் பெயின்ட்டின் தின்னர் மளமளவென்று ஆவியாகும்போது பெயின்ட்டும் சட்டென்று குளிர்ந்துவிடும். ஈரக்காற்றிலிருந்து நுண்ணிய நீர்த்துளிகள் அதன்மேல் படிந்து வெள்ளை பூக்கும். மெதுவாக ஆவியாகும் தின்னரைச் சேர்த்து அதைச் சமாளிப்பார்கள்.

மெழுகு பூசும்போதும் இதேதான் நடக்கிறது என்று பலர் சொல்வதுண்டு. எனக்கு அதில் சந்தேகம், கணக்கு ஒத்துவரவில்லை. ஒரு சதுர மீட்டர் கார்த்தகடு ஐந்தரை கிலோ அளவுக்கு எடையுள்ளது. அதன்மேல் மெல்லியதாகப் பூசிய மெழுகிலிருந்து ஆவியாவது ஒரு கிராம் தின்னர். அத்தனை இரும்பை அது குளிர்விப்பது பத்தில் ஒரு டிகிரிதான். ஸ்பிரே பெயின்ட்டில் தின்னர் பல மடங்கு. அங்கே நடப்பது இங்கே நடக்காது. ஆனால் தகடு வேறொரு வழியில் முன்கூட்டியே குளிர்ந்திருக்கலாம். காற்றிலிருக்கும் நீராவி துளியாக மாறத் தொடங்கும் வெப்பநிலையைப் பனிநிலை என்கிறார்கள். மேலே சொன்ன ஆலங்குளத்துப் பிற்பகலில் அது 22 டிகிரி. தகடு பன்னிரண்டு டிகிரி குளிர்ந்தால்தான் நனையும். குற்றாலத்துக் காலையில் அதுவே 24 டிகிரிக்குச் சற்று மேல். காற்றைவிடத் தகடு இரண்டு டிகிரி குளிர்ந்திருந்தாலே போதும். இரவு முழுக்கத் திறந்தவெளியில் நின்ற கார் அவ்வளவு குளிர்வது சர்வசாதாரணம். கையால் தொட்டுப் பார்த்து ஈரமில்லை என்று நினைக்கிறோம். மைக்ரான் அளவு ஈரம் கைக்குத் தெரியாது.

இதில் ஒரு முரண் உண்டு. சிலிக்கோன் சீலன்ட்டுகளிலும், இப்போது பரவலாகிவரும் செராமிக் கோட்டிங்கிலும், பல வகைகள் இறுகுவதற்குக் காற்றின் ஈரத்தையே பயன்படுத்திக்கொள்கின்றன. அவற்றுக்குச் சாரல் காற்று நண்பன்தான், அளவு மீறாதவரை. ஈரம் மிகுந்தால் மேல்தோல் அவசரமாக இறுகி, அடியில் கரைப்பானைப் பூட்டிவைத்துவிடும். தண்ணீரில் கலந்த ஸ்பிரே மெழுகுக்கு அதே காற்று முழு எதிரி. ஒரே ஷெட்டில் இரண்டையும் அடுத்தடுத்துப் பூசினால் ஏதாவது ஒன்று கெடும்.

அருவித் தண்ணீரும் போர் தண்ணீரும்

வட்டப் புள்ளிகளுக்கு யார் பொறுப்பு? பழி அருவியின்மேல்தான் விழுகிறது. ஆனால் மலைமேல் விழும் மழை, எளிதில் கரையாத கடும்பாறைகளின்மேல் சில மணி நேரம் ஓடி ஐந்தருவியிலும் பேரருவியிலும் விழுகிறது. அதில் கரைய நேரமும் இல்லை, கரைவதற்குப் பொருளும் அதிகமில்லை. சோப்பு போட்டால் நுரை அடங்காத மென்னீர் அது. மூலிகை மணம் இருக்கலாம். காய்ந்தால் மிச்சம் விடுவதற்கு உப்பு இல்லை. சமவெளியில் போர்வெல் தண்ணீரோ சுக்கான் கலந்த மண்ணிலும் பாறை இடுக்கிலும் வருடக்கணக்கில் தங்கி, சுண்ணாம்பையும் மெக்னீசியத்தையும் கரைத்துக்கொண்டு வருகிறது. குடிநீரில் கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது என்பது இந்தியத் தர நிர்ணய அளவு. வேறு வழியில்லாதபோது 2000 வரை அனுமதி.

லிட்டருக்கு 1000 மில்லிகிராம் உப்புள்ள நீரில் ஒரு துளி, ஐந்து மில்லிமீட்டர் அகல வட்டமாக பானெட்டில் காய்ந்தால், உப்பு மட்டும் ஒரு மைக்ரான் தடிமனுக்குப் படியும். நாம் பாடுபட்டுப் பூசிய மெழுகைவிடப் பல மடங்கு தடிமன். அதுவும் சீராகப் படியாது. துளியின் விளிம்பு வேகமாகக் காய்வதால் நடுவிலிருந்து நீர் விளிம்பை நோக்கி ஓடி உப்பையும் அங்கே கொண்டுபோய்ச் சேர்க்கும். காப்பிக் கறை ஏன் வளையமாகிறது என்ற கேள்விக்கு 1997இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் ராபர்ட் டீகனும் சக ஆய்வாளர்களும் கண்டுசொன்ன விடை இதுதான்.

மெழுகு பூசிய காரில் தண்ணீர் முத்து முத்தாக நிற்பதைப் பார்த்துப் பூரித்துப்போகிறோம். படமெடுத்து அனுப்புகிறோம். அந்த முத்துகளை வெயிலில் அப்படியே விட்டால் ஒவ்வொன்றும் ஒரு சுண்ணாம்பு வளையம். பூசாத காரில் தண்ணீர் பரந்து வழிந்துபோகும்; உப்பும் பரவலாக, மெல்லியதாகப் படியும். புள்ளி விழுவதற்கான வசதியைச் செய்துகொடுப்பது, ஒரு வகையில், மெழுகுதான். நம்மவர் அருவியிலிருந்து வந்த ஈரத்தோடு காரை விட்டிருந்தால் தூசி மட்டும்தான் மிஞ்சியிருக்கும். வீட்டு மோட்டார் தண்ணீரை அடித்துத் துடைக்காமல் விட்டதுதான் புள்ளிகளாக நிற்கிறது.

ஒரு பானெட், நான்கு கட்டம்

இனி சோதனை. நிழலில், தகடு ஆறிய பிறகு, பானெட்டில் மாஸ்கிங் டேப் ஒட்டி உள்ளங்கை அளவில் நான்கு கட்டங்கள் பிரிக்க வேண்டும். நான்காவது கட்டத்தை யாரும் தொடக்கூடாது. மற்றவற்றோடு ஒப்பிட்டுப் பார்க்க அது அப்படியே இருக்க வேண்டும். ஆய்வுக்கூடத்தில் செய்தாலும் வாசலில் செய்தாலும் இந்த ஒரு கட்டத்தை விட்டுவைப்பவருக்குத்தான் விடை கிடைக்கும். பட்டறைகளில் அவசரத்தில் முழுக்காரையும் தேய்த்துவிட்டு, எது பலித்தது என்று தெரியாமல் நிற்பதைப் பார்க்கலாம்.

முதல் கட்டத்தில் தண்ணீர். மெழுகின்மேல் அது முத்தாகிவிடும் என்பதால் ஒரு சொட்டு ஷாம்பு கலந்து, பரவலாக நனைத்து, ஈரமாக இருக்கும்போதே பார்க்க வேண்டும். மேற்பரப்பின் கரடால் வந்த மூட்டம் என்றால் தண்ணீர் பள்ளங்களை நிரப்பி, ஒளிக்குச் சமதளம் அமைத்துக்கொடுக்கும். மூட்டம் மறைந்து, காய்ந்ததும் திரும்பும். நனைந்தும் மாறாமல் நின்றால் சிதறவைக்கும் துணுக்கு படலத்தின் உள்ளே இருக்கிறது. பழைய லாரிகளையும் பஸ்களையும் டீசல் துணியால் துடைத்தால் புதிது போல ஆவதும் இந்த வித்தைதான்: எண்ணெய் கீறல்களை நிரப்புகிறது, புழுதி வந்து ஒட்டும்வரை. நம் பானெட்டில் மூட்டம் வெகுவாக மங்கியது. ஆனால் ஒரு மெல்லிய பாற்கலங்கல் தண்ணீருக்கு அடியிலும் தெரிந்தது. வெண்புள்ளிகளும் இருந்தன. ஆக, மேலேயும் கோளாறு, உள்ளேயும் கோளாறு.

இரண்டாவது கட்டத்தில் வினிகர், சம அளவு தண்ணீர் கலந்தது. துணியில் நனைத்து ஒரு நிமிடம் வைத்து, துடைத்து, நல்ல தண்ணீரால் கழுவிவிட வேண்டும். சுண்ணாம்பு கரையும், மெழுகுக்கும் சிலிக்கோனுக்கும் வினிகர் ஒன்றும் செய்யாது. புள்ளிகள் போய்விட்டன, மூட்டம் அப்படியே. புள்ளி உப்பு, மூட்டம் வேறு என்று இப்போது பிரித்துவிட்டோம். வினிகருக்கும் அசையாத புள்ளி இருந்தால் அது சிலிக்கா படிவாக இருக்கலாம், அல்லது உப்பு பெயின்ட்டையே அரித்துக் குழியாக்கியிருக்கலாம்.

மூன்றாவது கட்டத்தில் மருந்துக் கடையில் கிடைக்கும் சர்ஜிக்கல் ஸ்பிரிட், பாதித் தண்ணீரோடு. இது எண்ணெயையும், இறுகாத சீலன்ட்டையும், அவற்றில் ஊறிய மெழுகையும் கிளப்பிக்கொண்டு வரும். முழுதாக இறுகிய சீலன்ட்டை அவ்வளவு லேசில் அசைக்காது. சுத்தமான மைக்ரோஃபைபர் துணியின் ஒரு பக்கத்தால் பூசி, மறுபக்கத்தால் உடனே துடைக்க வேண்டும். டிங்கரிங் முடித்துப் புதிதாக பெயின்ட் அடித்த பாகமாக இருந்தால் இந்தப் பக்கமே போகக்கூடாது. இறுகாத பெயின்ட்டை ஸ்பிரிட் கெடுத்துவிடும். நம் பானெட்டில் ஸ்பிரிட் போட்ட கட்டம் கறுகறுவென்று தெளிந்தது. அதோடு முடிவுக்கு வந்துவிடாமல் காரை ஒரு மணி நேரம் வெயிலில் நிறுத்திப் பார்க்க வேண்டும். சிறைப்பட்ட எண்ணெயால் வந்த மூட்டம் என்றால் மற்றக் கட்டங்களில் மறுபடி மேலே வரும், இந்தக் கட்டத்தில் வராது. அப்படியே நடந்தது.

வரிசையை மாற்றி ஸ்பிரிட்டில் தொடங்கியிருந்தால்? மெழுகு போயிருக்கும்; சுண்ணாம்பு வெறும் பெயின்ட்டின்மேல் நின்றிருக்கும்; துணியோடு சேர்ந்து உரசிக் கீறியும் இருக்கும். மென்மையானதில் தொடங்கி வலுவானதை நோக்கிப் போவதன் காரணம் வெறும் ஜாக்கிரதை மட்டுமில்லை. ஒவ்வொரு திரவமும் பெரும்பாலும் ஒரே வகைப் பொருளைத்தான் கரைக்கிறது. எது கரைந்தது என்பதே குற்றவாளியின் பெயர்.

ஸ்பிரிட்டுக்குப் பிறகும் மூட்டம் இருந்தால்

சில கார்களில் ஸ்பிரிட் போட்டதும் நிலைமை மோசமாகும். செல்போன் டார்ச்சைக் காட்டினால் வெளிச்சத்தைச் சுற்றிச் சிலந்திவலை போல நுண்கீறல்கள் தெரியும். ரப்பிங் காம்பவுண்ட் வைத்து பஃபிங் மெஷின் ஓட்டியவர் விட்டுச்சென்ற தடம் அது. பாலிஷில் இருந்த எண்ணெய் இத்தனை நாள் அதை நிரப்பி மறைத்திருந்தது, ஸ்பிரிட் அந்த எண்ணெயைக் கழற்றிவிட்டது. இங்கே கோளாறு பெயின்ட்டிலேயே இருக்கிறது. எந்த மெழுகும் தீர்வில்லை. நுண்ணிய பாலிஷ் வைத்துக் கீறலின் ஆழத்துக்குக் கிளியர் கோட்டைத் தேய்த்து இறக்கத்தான் வேண்டும்.

பட்டறையில் காரைப் பார்த்ததும் ‘ஒரு பஃபிங் போட்டுடலாம் சார்’ என்பார்கள். எனக்கு அது கடைசி யோசனையாக இருக்க வேண்டும் என்று படுகிறது. ஒவ்வொரு பஃபிங்கிலும் கிளியர் கோட்டில் ஒன்றிரண்டு மைக்ரானாவது போகும். இருப்பது நாற்பது சொச்சம். வெயிலின் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் பொருளும் அந்தப் படலத்தில்தான் கலந்திருக்கிறது. அது மெலிந்தால் சில வருடத்தில் கூரையிலும் பானெட்டிலும் தோல் உரிவது போலப் பெயர்ந்து வரும். துணியும் வினிகரும் ஸ்பிரிட்டும் தீர்க்கக்கூடிய ஒரு மூட்டத்துக்காக அதைச் செலவழிப்பானேன்?

நம்மவர் காருக்கு பஃபிங் தேவைப்படவில்லை. முழு பானெட்டையும் வினிகர், பிறகு தண்ணீர், பிறகு ஸ்பிரிட் என்று துடைத்தெடுத்தார். சாரல் விட்டு, காற்று உலர்ந்த ஒரு நாள் காலை பத்து மணிக்கு மேல், தகடு காற்றின் சூட்டுக்கு வந்த பிறகு, நிழலில் சீலன்ட் மட்டும் பூசலாம். இம்முறை பத்து மில்லி வேண்டாம், மூன்று நான்கு மில்லி தாராளம். அன்றும் மறுநாளும் ஷெட்டை விட்டு வண்டி வெளியே வரக்கூடாது. ஆசை தீரவில்லை என்றால் அதன்பிறகு ஒரு மெல்லிய மெழுகு. அப்படி ஒரு நாள் ஜூலையில் வாய்க்காவிட்டால் செப்டம்பர் கடைசிவரை எதுவும் பூசாமல் இருப்பது உத்தமம். ஹோஸை அணைத்த கையோடு காய்ந்த துணியை எடுத்து, முத்துகள் காய்வதற்குள் துடைத்துவிட்டால் போதும்; பானெட்டையும் கூரையையும் முதலில், கதவுகளைப் பிறகு.